பதினொரு நாள் தாசில்தாரின் கொய்யா வலை

நெல்லைநாயகம் பிள்ளை தாசில்தாராக இருந்தது மொத்தம் பதினொரு நாள். அசல் தாசில்தாருக்கு மஞ்சள்காமாலை வந்து லீவில் போனபோது, தலைமைக் குமாஸ்தாவாக இருந்த இவரை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். பன்னிரண்டாம் நாள் தாசில்தாருக்குக் காமாலை இறங்கிவிட்டது. பிள்ளைக்கு ஏறியது இறங்கவில்லை. ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் சங்கரன்கோவிலில் அவர் 'தாசில்தார் பிள்ளை'தான். யாராவது மறந்துபோய் வெறும் பிள்ளை என்று கூப்பிட்டால் காது கேளாதவர்போல நடந்துவிடுவார். அவர் மனைவி காந்திமதியம்மாள் மட்டும், கோபம் வந்தால், "பதினொரு நாள்…" என்று ஆரம்பிப்பாள். அதற்குமேல் அவளும் சொல்ல மாட்டாள், அவரும் பேச மாட்டார்.

ஊருக்கு மேற்கே, புளியங்குடி ரோட்டில் அவருக்கு ஒரு கிணற்றுத் தோட்டம் இருந்தது. எலுமிச்சை இருபது மரம், அலகாபாத் கொய்யா ஆறு மரம். அந்த ஆறு மரத்துக்காக முழுத் தோட்டத்தையும் அவர் 'ஆர்ச்சர்டு' என்று சொல்லுவார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அய்யாத்துரைக்கு அந்த வார்த்தை வாயில் நுழையவில்லை. நுழைந்திருந்தாலும் அவன் சொல்லியிருக்க மாட்டான்.

அந்த வருஷம் தாலுகா விவசாயப் பொருட்காட்சியில் சிறந்த கொய்யாவுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். பரிசு ஒரு சர்டிபிகேட்தான். ஆனால் அதில் கலெக்டர் கையெழுத்து இருக்கும். பிள்ளை வீட்டு முன்கூடமான தார்சாவில், உள்ளே வருகிறவர் கண்ணுக்கு நேராக, ஆணி அடித்தே வைத்துவிட்டார்.

ஆணிக்கும் சர்டிபிகேட்டுக்கும் நடுவே நின்றது கிளி. முழுப்பழத்தையும் தின்றுவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை. ஒரு கொத்துக் கொத்தி, ருசி பார்த்து, திருப்தியில்லை என்று குறிப்பெழுதிவிட்டுப் போகும் மேலதிகாரியைப் போல, அது அடுத்த பழத்துக்குப் போய்விடும். கிளி விட்டதை அணில் பார்த்துக்கொண்டது.

இந்த ஊரில் பூச்சி பொட்டுத் தொல்லை என்றால் அதற்கு ஒரு வழி உண்டு. பாம்பு, தேள், பூரான் என்று எது தொந்தரவு செய்கிறதோ, அதன் உருவை வெள்ளித் தகட்டில் வாங்கிக் கோமதியம்மன் உண்டியலில் போட வேண்டும். பிள்ளையும் கோவில் வாசலில் உரு விற்கும் சங்கரபாண்டியன் கடைக்குப் போனார்.

"கிளி இருக்கால?"

"கிளியா?" சங்கரபாண்டியன் தட்டைக் கிளறினான். "கிளி அம்மன் வகையறா அண்ணாச்சி. அதுமேல பிராது வாங்க மாட்டாக. பல்லி இருக்கு, தரட்டா?"

"அணில்?"

"அது ராமர் வகையறா."

வழி அடைந்துபோகவே பிள்ளை விஞ்ஞானத்துக்குத் திரும்பினார். கடையநல்லூரிலிருந்து சந்தைக்கு வந்து கயிறும் வலையும் விற்கும் முகம்மது மைதீனிடம், கடற்கரையில் கழித்துப்போட்ட பருத்திநூல் மீன்வலைகள் சல்லிசாகக் கிடைத்தன. பட்டைச் சாயத்தில் கறுத்துப்போன வலைகள். மைதீனே தோட்டத்துக்கு வந்து முதல் மரத்துக்குப் போர்த்திக் காட்டினார். மேலிருந்து வலையை விறைப்பாக இழுத்து, அடியைச் சுருட்டி, மரத்தின் தூரோடு சேர்த்துக் கட்டினார். மரம் மூட்டை கட்டி வைத்ததுபோல இருந்தது.

பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. "என்ன பாய், பொணத்தைக் கட்டுன மாதிரி கட்டுதீரு? தேர்ச்சீலை மாதிரி நாலு பக்கமும் தரை வரைக்கும் தொங்கணும். பாக்க வாரவன் அசந்துபோகணும்."

"தொங்கவிடப்படாது அண்ணாச்சி. தரையில புரண்டா கண்டதும் வந்து மாட்டும். இது மீனுக்கு முடைஞ்ச வலை. இதுக்குக் கிளின்னும் தெரியாது, பாம்புன்னும் தெரியாது."

"நான் எத்தனை ஜமாபந்தி பாத்தவன் தெரியுமாவே? எனக்கு வலை கட்டச் சொல்லித் தாரீராக்கும்?"

"ஜமாபந்தில வலையெல்லாம் கட்டுவாகளா? அது எனக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டு மைதீன் வண்டியேறிப் போனார். அன்று சாயங்காலமே பிள்ளை அய்யாத்துரையை விட்டு முதல் மரத்து வலையை அவிழ்க்கச் சொல்லி, ஆறு மரங்களுக்கும் தேர்ச்சீலை கட்டினார். வலையின் ஓரம் தரையில் இரண்டு முழம் புரண்டது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கிளிகளும் வேப்பமரத்தில் உட்கார்ந்து பார்த்தன. பிள்ளைக்கு இரண்டுமே சந்தோஷமாக இருந்தது.

பழங்கள் ஒரு கீறல் இல்லாமல் திரண்டன. விவசாய இலாகா அதிகாரி ஒருவர், மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து வலையையும் பழத்தையும் போட்டோ பிடிக்கப்போவதாகச் சொல்லியனுப்பினார்.

அன்று சாயங்காலம் பிள்ளை தோட்டத்தைச் சுற்றிவந்துகொண்டிருந்தபோது, இரண்டாவது மரத்தடியில் நின்று அய்யாத்துரை கூப்பிட்டான். குரல் தாழ்ந்திருந்தது.

"அய்யா, இங்கன வாங்க. கிட்ட வராதிய."

நல்ல பாம்பு. தரையில் புரண்ட வலைக்குள் ஒரு கண்ணி வழியாகத் தலையை விட்டு, திரும்பத் தெரியாமல் அடுத்த கண்ணி, அதற்கடுத்த கண்ணி என்று தைத்துக்கொண்டே போய், கடைசியில் நூல் கழுத்தில் இறுகிக் கிடந்தது. சீறியது. ஆனால் சீற்றத்துக்கு ஏற்றபடி உடம்பு எழும்பவில்லை.

"படம் எடுக்க முடியல பாத்தியளா? நூல் உள்ள போயிட்டுது. நீங்க தள்ளி நில்லுங்க அய்யா. அருவாளைக் கம்புல கட்டி நாலு கண்ணி அறுத்துவிட்டுருதேன். பொழைச்சுப் போயிரும்."

நாலு கண்ணி. பிள்ளை வலையைப் பார்த்தார். இரண்டாவது மரம்தான் ரோட்டைப் பார்த்து நிற்பது. அந்த மரத்தில்தான் பழம் அதிகம். போட்டோவில் விழப்போவதும் அதுதான்.

"இப்பம் அறுத்தா வலை வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குமேல."

"தச்சுக்கிடலாம் அய்யா."

"தச்சது தெரியும். காலைல அவுக வந்து படம் பிடிச்சிட்டுப் போகட்டும். அப்புறம் அறு."

"காலை வரைக்கும் தாங்காது அய்யா."

"தாங்கும். பாம்புக்கு உசுரு கெட்டி," என்றார் பிள்ளை, அப்படி ஒரு சர்க்கார் உத்தரவு இருப்பதுபோல.

அய்யாத்துரை அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு அரிவாளைத் தூக்கிக் கூரைச் சாய்ப்பில் சொருகினான். வீட்டுக்குப் போய்ப் பிள்ளை மூன்று தோசை சாப்பிட்டார். மிளகாய்ப்பொடி நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். அது பிற்பாடு அவருக்கு மறக்கவே இல்லை.

காலையில் பாம்பு செத்துக் கிடந்தது. எறும்பு சாரை வைத்திருந்தது. பிள்ளை போட்டோவுக்காக ஜரிகைக்கரை வேட்டி கட்டி வந்திருந்தார். எட்டு மணிக்கு அதிகாரி வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. பத்து மணிக்குத் தபால்காரர் ஒரு கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தவிர்க்க முடியாத காரணங்களால் பொருட்காட்சி கார்த்திகை மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்றும், அதனால் போட்டோ இப்போது தேவையில்லை என்றும் அதில் இருந்தது.

நேற்று நாலு கண்ணி அறுத்தால் உயிரோடு போயிருக்கும். இன்று பிணத்தை எடுக்க, உடம்பு ஊதியிருந்ததால், பதினொரு கண்ணி அறுக்க வேண்டியிருந்தது. அய்யாத்துரை ஒவ்வொன்றாக அறுக்க, பிள்ளை மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றார். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நல்ல பாம்பு செத்தால், செத்தது எப்படியானாலும், வெள்ளை வேட்டி சுற்றிப் பால் விட்டு எரிக்க வேண்டும். அய்யாத்துரை விறகு பொறுக்கப் போனான்.

"எரிக்காண்டாம்," என்றார் பிள்ளை. "புகையைப் பாத்துட்டு ரோட்டுல போறவன் வருவான். பொதச்சிரு."

"சரி. ஒரு வேட்டியாவது குடுங்க."

பிள்ளை தன் ஜரிகைக்கரையைக் குனிந்து பார்த்தார். "வீட்டுல போய் எடுத்தா எதுக்குன்னு அவ கேப்பா."

அய்யாத்துரை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. கிழிந்த முனையில் அவன் பெண்டாட்டி பேச்சி நீலநூலால் தையல் போட்டிருந்தாள். அதில் பாம்பைச் சுற்றி, இரண்டாவது மரத்தருகே குழி தோண்டிப் புதைத்தான். பிள்ளை கும்பிடு போட்டார். கும்பிடும்போது ரோட்டில் யாரும் வருகிறார்களா என்றும் பார்த்துக்கொண்டார்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். மனசு ஆறவில்லை. பாம்புக்குச் செய்த பாவத்தைப் பாம்பின் உருவைப் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது. கடைத்தெரு அடங்கிக் கிடக்கும் மத்தியானத்தில், குடையை முகத்துக்குத் தாழப் பிடித்துக்கொண்டு சங்கரபாண்டியன் கடைக்குப் போனார். உள்ளூர்க்காரன் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். வேறு எந்த ஊரிலும் பாம்பு உரு வாங்குவது ஒரு சாமான் வாங்குவது. சங்கரன்கோவிலில் அது, 'என் இடத்தில் பாம்பு தெரிந்தது' என்று தமுக்கடிப்பது. அறுபது வருஷம் இந்த ஊரில் இருந்தவருக்கு அது தெரியாமல் இல்லை. குடை மறைத்துவிடும் என்று நினைத்தார்.

"வாங்க தாசில்தார் அண்ணாச்சி," என்றான் சங்கரபாண்டியன் குடையைப் பார்த்து. "பாம்பா? எங்கன தெரிஞ்சுது?"

"தோட்டத்துல."

"எந்த எடத்துல?"

"கொய்யாவடில."

"படம் எடுத்துதா?"

பிள்ளை விழித்தார். இல்லை என்றால் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பான். "ம்," என்றார்.

"உங்களைப் பாத்தா எடுத்துது?"

"ம்."

"எவ்வளவு உசரம்?"

பிள்ளையின் கை தன்னையறியாமல் இடுப்புவரை எழும்பியது. சங்கரபாண்டியன் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். உருவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான். அதை உண்டியலில் போட்டுவிட்டு அவர் வெளியே வருவதற்குள், தாசில்தார் பிள்ளைக்கு அம்மன் சர்ப்ப ரூபத்தில் காட்சி கொடுத்த செய்தி தெற்குத் தெரு தாண்டிவிட்டது. இடுப்பளவு உயரம் என்று அவர் காட்டியது, அங்கே போய்ச் சேரும்போது ஆளுயரமாகியிருந்தது.

மறுநாள் பத்துப் பெண்கள் பால்செம்போடு தோட்டத்துக்கு வந்தார்கள். அதற்கு மறுநாள் நாற்பது பேர். அம்மன் வர வழிவேண்டும் என்று வலைகளை அவிழ்க்கச் சொன்னார்கள். அய்யாத்துரை அவிழ்த்துச் சாய்ப்பில் சுருட்டி வைத்தான். கிளிகள் வேப்பமரத்திலிருந்து இறங்கிவந்தன. கிளி கொத்திய கொய்யாவைப் பிரசாதம் என்று வாங்கிக்கொண்டு போனார்கள். கலெக்டர் கையெழுத்துக்காக வளர்த்த பழம் இப்படிப் போகிறதே என்று பிள்ளைக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எல்லாரும் அவரைக் கும்பிட்டார்கள். கும்பிடும் கூட்டம் இருக்கும்வரை மனசு லேசாக இருக்கும். கூட்டம் போனபின் இரண்டாவது மரத்தைப் பார்க்க முடியாது.

அந்த வாரக் கடைசியில் தெருக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். ஆடித் தபசுத் திருவிழாவில் அந்தத் தெருவுக்கென்று ஒரு மண்டகப்படி உண்டு. அன்றைக்குத் தலையில் பரிவட்டம் கட்டிக்கொள்ளும் மரியாதை பத்து வருஷமாக அரிசிமில் சங்கரநயினாருடையது. பத்து வருஷமாகப் பிள்ளை அந்தத் தலையைப் பின்னாலிருந்து பார்த்து வருகிறார். இந்தத் தடவை, தபசன்று சாயங்காலம், பரிவட்டம் தாசில்தாருக்கு என்று சங்கரநயினாரே சொன்னார்.

"எனக்கு எதுக்கு? வேண்டாம்," என்றார் பிள்ளை.

"இதுதான்வே பெரிய மனுசத்தனம்," என்றார் சங்கரநயினார்.

வேண்டாம் என்று தான் ஒரே ஒரு தடவைதான் சொன்னோம் என்பது பிள்ளைக்கு நன்றாக நினைவிருந்தது.

அம்மன் வந்த இடத்தில் ஒரு கொட்டகை போடத் தீர்மானித்தார்கள். கால் நட நாலு குழி தோண்ட வேண்டும். பிள்ளை இடத்தைத் தள்ளிக் காட்டப் பார்த்தார். மண் சரியில்லை, கல் இருக்கும் என்றெல்லாம் சொன்னார். அவர்களோ, அவர் ஏற்கனவே சொன்ன கொய்யாவடியில்தான் கொட்டகை அமைய வேண்டும் என்றார்கள். மூன்றாவது குழியில் மண்வெட்டியோடு சிவப்புக் கட்டத் துணி ஏறிவந்தது. பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே பாம்பு, பாதி தோலும் பாதி எலும்புமாக.

துணியின் முனையில் நீலநூல் தையல் இருந்தது. அது யார் தலையில் கிடந்த துண்டு என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"ஏலே அய்யாத்துரை," என்றார் சங்கரநயினார். "அம்மன் எடுத்துவந்த உருவையால அடிச்சுப் பொதச்செ?"

"நான் அடிக்கல."

"பின்ன யாரு?"

அய்யாத்துரை பிள்ளையைப் பார்த்தான். அதிக நேரமில்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம். பிள்ளை தொண்டையைச் செருமினார். செருமல் வந்தது. அதன் பின்னால் வரவேண்டியது வரவில்லை. கொய்யா இலையில் பூச்சி விழுந்திருக்கிறதா என்று உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

"செத்துக் கெடந்துது. பொதச்சேன்," என்றான் அய்யாத்துரை.

யாரும் நம்பவில்லை. அங்கேயே விறகு அடுக்கி, முறைப்படி எரித்தார்கள். சுற்றுவதற்கு வேட்டி கேட்டபோது, பிள்ளை ஆளனுப்பித் தன் ஜரிகைக்கரை வேட்டியையே கொண்டுவரச் சொல்லிக் கொடுத்தார். முதல் பால் அவர் கையால் ஊற்றினார். அதைப் பார்த்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு அய்யாத்துரையை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பிள்ளையின் தோட்டத்துக்குள்ளும் அவனை விடக்கூடாது என்றார்கள். பேச்சி கிணற்றில் வாளியை இறக்கினால் மற்றவர்கள் தங்கள் வாளியை எடுத்துவிட்டு, அவள் போகும்வரை தள்ளி நின்றார்கள். நாலாம் நாள் அவள் குடத்தோடு பிள்ளை வீட்டுப் புறவாசலுக்கு வந்தாள்.

"ஆச்சி, ரெண்டு குடம் தண்ணி எடுத்துக்கிடட்டா? அங்கன எடுக்க விடமாட்டேங்காக. பாம்பக் கொன்ன வீடுன்னு சொல்லுதாக."

காந்திமதியம்மாள் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பேச்சி போனபின் தார்சாவுக்கு வந்து கணவன் முன்னால் நின்றாள்.

"அவன் அடிச்சானா?"

பிள்ளை ஆணியைப் பார்த்தார். "இல்ல."

"பின்ன?"

"நான் இதைப் பத்தி ஒரு அறிக்கை எழுதி வாசிக்கப்போறேன்."

அறிக்கை என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது.

மூன்று நாள் எழுதினார். எழுதியதை அடித்தார், திரும்ப எழுதினார். நாலு பக்கம் வந்தது. மண்டகப்படிக் கூட்டத்தில் எழுந்து நின்று, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார்:

"மேற்படி தோட்டத்தில், மேற்படி தேதியில், மேற்படி சர்ப்பத்துக்கு நேர்ந்த துர்ச்சம்பவத்துக்கு, மேற்படி தோட்டத்தின் அனுபோகஸ்தன் என்ற முறையில், முழுப் பொறுப்பும் என்னையே சேர்ந்தது என்பதை இதனால் சகலரும் அறிவதாகவும்…"

முதல் பக்கம் முடிவதற்குள் சங்கரநயினாருக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டியளா? வேலைக்காரன் செஞ்ச பாவத்தைத் தன் தலையில ஏத்துக்கிடுதாரு. ஆயிரம் சொல்லுங்க, தாசில்தாரா இருந்தவரு தாசில்தார்தான்வே."

"இல்ல, நானேதான்…"

"போதும் அண்ணாச்சி. உங்க பெருந்தன்மை எங்களுக்குத் தெரியாதா?"

மீதி மூன்று பக்கத்தை வாசிக்க விடவில்லை. எசமானை இப்படி ஒரு நிலைக்கு ஆளாக்கியவன் தபசன்று இந்தத் தெருப்பக்கமே தலைகாட்டக்கூடாது என்று, அவருக்குச் செய்யும் மரியாதையாக, அங்கேயே முடிவுகட்டினார்கள்.

மறுநாள் அய்யாத்துரை பிள்ளை வீட்டு வாசலுக்கு வந்தான். கையில் தோட்டத்து அரிவாள் இருந்தது.

"வாசிச்சியளாமே."

"வாசிச்சேன் அய்யாத்துரை. நம்ப மாட்டேங்கானுவ."

"என்னன்னு வாசிச்சிய?"

பிள்ளை உள்ளே போய்க் காகிதத்தை எடுத்துவந்து முதலிலிருந்து வாசித்தார். குரலில் ஏற்ற இறக்கம் கொடுத்தே வாசித்தார். அய்யாத்துரை பொறுமையாகக் கேட்டான்.

"இதுல வலை எங்கன இருக்கு?"

பிள்ளை தேடினார்.

"அருவா எங்கன இருக்கு? நான் அறுக்கட்டான்னு கேட்டது எங்கன இருக்கு? காலைல பாத்துக்கிடலாம்னு நீங்க சொன்னது எங்கன அய்யா இருக்கு?"

பிள்ளை இரண்டாவது பக்கத்தைத் திருப்பினார். பிறகு நாலாவது பக்கத்தை. மூன்று நாள் எழுதியிருந்தார். பாம்பைத் தவிர்த்தும் வலையைத் தவிர்த்தும் எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"பேச்சி, அவ பொறந்த ஊருக்குப் போயிருவோம்ங்கா," என்றான் அய்யாத்துரை. "தபசு கழிஞ்சு கெளம்புதோம். இந்தாங்க உங்க அருவா." படியில் வைத்துவிட்டுப் போனான். அதை எடுத்து உள்ளே வைக்கப் பிள்ளைக்குக் கை வரவில்லை.

தபசன்று காலை ஊர் முழுக்க வண்டியும் ஜனமுமாக இருந்தது. பிள்ளை தோட்டத்துக்குப் போய், சாய்ப்பில் கிடந்த வலைகளைப் பிரித்து இரண்டாவது மரத்து வலையைத் தேடியெடுத்தார். சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். பென்சிலுக்குமேல் கனமான எதையும் அவர் ரோட்டில் சுமந்து யாரும் பார்த்ததில்லை. வேர்க்க வேர்க்கக் கோவில் வாசல்வரை வந்து சங்கரபாண்டியன் கடையில் பொத்தென்று போட்டார். கடையில் உரு வாங்க இருபது பேர் நின்றார்கள்.

"வே சங்கரபாண்டியா, அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் சரியாப் பதில் சொல்லல."

"எதுக்கு அண்ணாச்சி?"

"படம் எடுத்துதான்னு கேட்ட. எடுக்கல. எடுக்க முடியல. இந்த வலை கழுத்துல இறுகிக் கெடந்துது. அய்யாத்துரை, அருவாளைக் கம்புல கட்டி அறுத்து விட்டுருதேன்னான். நான் வேண்டாம்னேன்."

"ஏன் அண்ணாச்சி?"

"மறுநாள் போட்டோ பிடிக்க வாராகன்னு. வலை கிழிஞ்சு தெரியும்னு."

"போட்டோவுக்கா?"

"போட்டோவுக்கு."

சங்கரபாண்டியன் வலையைப் பிரித்து அறுந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தான். தோள்வரை போயிற்று. "பிடிச்சாகளா?"

"வரல."

பிறகு சங்கரபாண்டியன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணாச்சி, இத நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

"கெடுத்திராதல," என்றார் பிள்ளை. "எல்லார்கிட்டயும் சொல்லணும். அதுக்குத்தான் ஒங்கிட்ட வந்தேன்."

அவன் ஏமாற்றவில்லை. மத்தியானத்துக்குள் ஊர் அறிந்துவிட்டது. இந்தத் தடவை பாம்பு வளரவில்லை; அதற்குப் பதில் பதினொரு நாள் வளர்ந்தது. வீட்டுக்குள் காந்திமதியம்மாள் மட்டும் சொல்லிவந்ததை இப்போது பூக்காரி வரைக்கும் சொன்னார்கள். பரிவட்டம் சங்கரநயினார் தலைக்கே திரும்பிப் போயிற்று. "எனக்கு அப்பமே சந்தேகம்தான்," என்று அவர் சொன்னாராம்.

சாயங்காலம் அம்மன் சப்பரம் தபசு மண்டபத்தில் நின்றபோது, குடியானவர்கள் தங்கள் நிலத்தில் விளைந்ததைச் சப்பரத்தை நோக்கி வீசினார்கள். பருத்தி, வற்றல், கம்பு. கூட்டத்தின் நடுவில் அய்யாத்துரையும் பேச்சியும் நின்றார்கள். அவர்களைச் சுற்றி இடம் விட்டு யாரும் ஒதுங்கவில்லை. அவன் ஒரு கைப் பருத்தியை வீசினான். பக்கத்தில் நின்ற பெண் பேச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பிள்ளை தூரத்தில், தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். தீபாராதனை ஆனபின் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் பக்கம் போனார்.

"நாளைக்கு வேலைக்கு வாரியா அய்யாத்துரை?"

"அந்த வலையை என்ன செஞ்சிய?"

"சங்கரபாண்டியன் கடையில கெடக்கு. வாரவுகளுக்கெல்லாம் எடுத்துக் காட்டுதான்."

அய்யாத்துரை சப்பரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "யோசிச்சுச் சொல்லுதேன்," என்றான். 'அய்யா' இல்லை. அது விட்டுப்போனதைப் பிள்ளை கவனித்தார்.

மறுநாள் காலை காந்திமதியம்மாள் தட்டில் தோசையை வைத்தாள். பிள்ளைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது. நேற்றையதை நினைத்துப் பார்த்தார். இருபது பேர் முன்னால், வலையைத் தோளில் சுமந்துபோய்… இந்த ஊரில் வேறு யாரால் முடியும்? உள்ளே எங்கேயோ ஒன்று மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தது. தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளும் அப்படித்தான் இருந்தது.

"என்ன இருந்தாலும், நான் சொன்ன மாதிரி வேற எவன் சொல்லியிருப்பான், சொல்லு."

காந்திமதியம்மாள் மிளகாய்ப்பொடியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"பாம்பு வலையில கெடந்த அன்னைக்கு மூணு தோசை தின்னிய," என்றாள். "நாலாவது இருக்கான்னு கேட்டிய."

கேட்டிருந்தார். அதை அவர் மறந்துபோயிருந்தார்.

தட்டைத் தள்ளிவைத்தார். அவள் அதை எடுக்கவில்லை.